குளிர்காலமும் சுவர்ப் பூஞ்சணமும்

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பூசணம் பிடிக்கும்! நாள்பட்ட ரொட்டியிலும், மழைக்காலத்தில் பெட்டிக்குள் கிடந்த தோல் செருப்பிலும் அதே பூசணத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகாத வீட்டுச் சுவரில், அதுவும் குளிர்காலத்தில் மட்டும், கருப்புக் கருப்பாகப் பூசணம் பூக்கும் என்று சொன்னால் ஊரில் பலர் நம்பமாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போன ஒரு மாணவனும் நம்பவில்லை, தன் அறையில் அதைப் பார்க்கும் வரை.

2024 செப்டம்பரில் அவன் போய் இறங்கினான். ஈஸ்ட் ஹாம் பகுதியில், நூறு வயதைத் தாண்டிய ஒரு செங்கல் வீட்டின் மாடியில் வடக்குப் பார்த்த அறை. ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு அது. அக்டோபர் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நவம்பரில் குளிர் தொடங்கியதும் அவன் என்ன செய்தான்? ஊரில் மழை பெய்தால் செய்வதையே செய்தான். ஜன்னலை இறுக்கமாகச் சாத்தினான். ஜன்னலுக்கு மேலே இருந்த சின்னக் காற்றுத் துவாரத்திலும் குளிர் வருகிறதென்று டேப் ஒட்டினான். எரிவாயுச் செலவை ஐந்து பேரும் பங்கு போட வேண்டும் என்பதால் ஹீட்டரை இரவில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டான். அந்த ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல், துவைத்த துணியை ரேடியேட்டர் மேலேயே விரித்தான். சிக்கனமான பிள்ளை என்று யாரும் பாராட்டத்தான் செய்வார்கள்!

டிசம்பர் முதல் வாரத்தில் துணி அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரின் மூலையில் மையைத் தெளித்தது போலக் கருப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தான், போய்விட்டது. பத்து நாளில் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஜன்னல் ஓரத்திலும், தொங்கவிட்டிருந்த கோட்டின் காலரிலும்கூட. அறைக்குள் நுழைந்தாலே பழைய நெல் குதிருக்குள் தலையை விட்டது மாதிரி ஒரு வாடை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடியோவில் பேசும்போதெல்லாம் அந்த மூலை தெரியாதபடி போனைத் திருப்பி வைத்துக்கொண்டான். ஒருநாள் கை தவறி போன் சாய்ந்துவிட்டது.

"என்னடா தம்பி அது, சுவத்துல கரியா?"

"பழைய பெயிண்ட் கறைம்மா."

"கறை மாதிரி இல்லியே. பூசணம் மாதிரில்ல இருக்கு. பெருக்கித் தொடைக்கிறியா இல்லியாடா நீ?"

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அவனுக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. சுத்தமில்லாதவன் என்று சொன்ன மாதிரி இருந்தது. வீட்டு ஏஜென்டுக்கு எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. வீட்டில் குறை எதுவும் இல்லையாம்! குடியிருப்பவர் துணியை உள்ளே காயப்போடுவதும் ஜன்னலைத் திறக்காததுமே காரணமாம்! வேண்டுமானால் ஆள் அனுப்பி ஒரு கோட் வெள்ளை பெயிண்ட் அடித்துத் தருவார்களாம்! அதைப் படித்த பிறகு அவன் யாரிடமும் இதைப்பற்றிப் பேசவே இல்லை. அலமாரியை மறுபடி அந்த மூலையிலேயே தள்ளி வைத்து மறைத்துவிட்டான்.

கீழ் அறையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். 1989-ல் லண்டனுக்கு வந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். மாடியிலிருந்து விடாமல் இருமல் சத்தம் கேட்கிறதே என்று ஒருநாள் மேலே வந்தவர், வாடையைப் பிடித்துவிட்டார். கேட்காமலே அலமாரியை இழுத்துப் பார்த்தார்.

"உது ஊத்தை இல்லைத் தம்பி. உது சுவர் வேர்க்கிறது."

"சுவர் வேர்க்குமா அங்கிள்?"

"ஐஸ் தண்ணிக் கிளாஸ் வெளியில வேர்க்குதோ இல்லையோ? உந்தச் சுவரும் அப்பிடித்தான்."

அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலேயே படித்த பாடம்! காற்றில் எவ்வளவு நீராவி தங்கும் என்பது காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவி தங்கும். 10 டிகிரியில் அது சுமார் 9 கிராம்தான். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக்காற்று, ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கும் ஒரு சுவரைத் தொட்டாலே போதும், நீர் கோக்கத் தொடங்கிவிடும். பூஞ்சணத்துக்கு அந்தத் துளிகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நாள்கணக்கில் நின்றாலே முளைத்துவிடும். அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. உணவுக்கும் பஞ்சமில்லை. வால்பேப்பர், பெயிண்ட், தூசி, எதுவும் அதற்கு ஆகும். குறைவாக இருப்பது ஈரம் ஒன்றுதான். எனவே பூஞ்சணத்தைத் தடுப்பது என்றால் ஈரத்தைத் தடுப்பது, வேறொன்றுமில்லை.

மூலையில் மட்டும் ஏன் வருகிறது? வெளிப்புறச் சுவர்கள் இரண்டு சேரும் மூலைதான் அறையிலேயே குளிர்ச்சியான இடம். அலமாரி மறைத்திருந்தால் ஹீட்டரின் சூடும் அங்கே போகாது, காற்றும் ஓடாது. விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளின் சுவர், நடுவில் இடைவெளி இல்லாத முழுச் சுவர். ஆகையால் வெளிக்குளிர் நேராக உள்ளே வரும். அந்தக் காலத்தில் அறைக்கு அறை கணப்பு அடுப்பு இருந்தது. நெருப்பு எரியும்போது புகைபோக்கி வழியாக அறைக்காற்று மேலே இழுக்கப்பட்டு, ஈரமும் கூடவே போய்விடும். பின்னாளில் புகைபோக்கிகளை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார்கள், இடுக்குகளைப் பூசினார்கள். சூடு வெளியே போகவில்லை, நல்லது. ஈரமும் வெளியே போகவில்லை!

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். தூங்குகிற ஒரு மனிதர் மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். ஒரு முறை துவைத்த துணி காயும்போது இரண்டு லிட்டர் வரை வெளியேறும். அவன் அறையின் கொள்ளளவு சுமார் 26 கனமீட்டர். 20 டிகிரியில் அந்த அறைக்காற்று மொத்தமாகத் தாங்கக்கூடியதே அரை லிட்டருக்குக் குறைவு. அதில் இரண்டு லிட்டரை விட்டால் மீதி எங்கே போகும்? சுவருக்குத்தான்.

அடுத்து அவனை உண்மையில் ஆச்சரியப்படுத்தியது ஜன்னல் விஷயம். வெளியே மழையும் பனியுமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும்? கும்பகோணத்து அம்மாக்கள் ஐப்பசி மழையில் ஜன்னலைச் சாத்துவதும் அதனால்தானே? அது கும்பகோணத்துக்கு முற்றிலும் சரி. அங்கே ஐப்பசியிலும் வெளிக்காற்று 25 டிகிரி வெப்பத்தில் கனமீட்டருக்கு 20 கிராம் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. லண்டன் டிசம்பரில் கதை வேறு. 5 டிகிரியில் உள்ள வெளிக்காற்று, 90 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தாலும், அதில் இருப்பது 6 கிராம் சொச்சம்தான். அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 35 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, குளிர்நாட்டில் மழை நாளில்கூட வெளிக்காற்றுதான் உலர்ந்த காற்று! ஊரில் கற்ற நல்ல பழக்கமே இங்கே எதிரியாகிவிட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

கீழ் அறை அங்கிள் சொல்லிக் கொடுத்ததும், அவன் படித்துத் தெரிந்துகொண்டதுமாகச் சேர்த்தால் செய்யவேண்டியவை இவைதான்.

1. காலையிலும் மாலையிலும் பத்து நிமிடமாவது ஜன்னலை நன்றாகத் திறந்துவிட வேண்டும். நாள் முழுவதும் ஒரு விரல் இடுக்கு வைத்துச் சுவரைக் குளிரவிடுவதைவிட இது நல்லது. ஜன்னல் மேலுள்ள காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாது.

2. குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும். ஆவி அறைகளுக்குப் பரவாமல் கதவைச் சாத்த வேண்டும். பாத்திரத்துக்கு மூடி போட்டுச் சமைத்தால் எரிவாயுவும் மிச்சம்.

3. துணியை ரேடியேட்டர் மேல் போடக் கூடாது. வேறு வழியில்லை என்றால் ஓர் அறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். அல்லது ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட வேண்டும்.

4. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அணைப்பதைவிட, குறைந்த சூட்டில் தொடர்ந்து வைப்பது சுவருக்கு நல்லது. குளிர்நாட்டு வீடுகளின் உள்ளே குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது.

5. அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும்.

6. காலையில் ஜன்னல் கண்ணாடியில் கோத்திருக்கும் நீரைத் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழிய வேண்டும். ரேடியேட்டரில் உலர்த்தினால் துடைத்ததே வீண்!

7. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வைத்தால் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் பயமில்லை.

ஏற்கெனவே வந்த பூஞ்சணத்தை உலர்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்க்கக் கூடாது. வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பூஞ்சணக்கொல்லித் திரவத்தால் துடைக்க வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள பொருளையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுவாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒரு மீட்டர் சதுரத்துக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

அவன் இதையெல்லாம் செய்தான். ஈரப்பதமானி முதல் நாள் 78 காட்டியது. ஒரு வாரத்தில் 66-க்கு இறங்கியது. அதற்குக் கீழே போகவே இல்லை. ஏன்? காரணம் குளியலறையில் இருந்தது. ஐந்து பேர் குளிக்கிற குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் போட்டதே தவிர, காற்றை இழுக்கவில்லை. அங்கிள் ஒரு டிஷ்யூ காகிதத்தை அதன் வாயில் பிடித்துக் காட்டினார். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் கீழே விழுந்தது.

"உன்ர பிழை பாதி, வீட்டுக்காரன்ர பிழை பாதி. உன்ர பாதியை நீ சரி பண்ணிட்டாய். மற்றப் பாதியைக் கேக்க வெக்கப்படாதை தம்பி."

வெக்கம்! அந்த ஒரு சொல் அவனுக்குச் சுருக்கென்று பட்டது. அங்கிள்தான் அப்போது ராச்டேல் குழந்தையைப் பற்றிச் சொன்னார்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ராச்டேல் நகரில், ஒரு வீட்டுவசதி நிறுவனத்தின் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்பில் சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. சமையலறையிலும் குளியலறையிலும் பூஞ்சணம். தந்தை 2017-லேயே புகார் சொன்னார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அடித்தார். மறுபடியும் வந்தது. மறுபடியும் புகார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையும் குளிக்கும் பழக்கமுமே காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டாவது பிறந்தநாள் முடிந்து எட்டாவது நாளில், அவாப் இஷாக் என்ற அந்தக் குழந்தை இறந்துபோனான். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தன் முடிவைச் சொன்னார். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம். எந்த வீட்டிலும் நடக்கிற அன்றாடக் காரியங்களால் வந்த ஈரம்தான் அது, அதை வெளியேற்றும் காற்றோட்டம் அந்த வீட்டில் இல்லை. வாழ்க்கை முறை பற்றிய தன் ஊகம் தவறு என்று பிறகு அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா எல்லாம் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதி வைத்திருக்கிறது. எழுத்து இருந்தது, அறிவியல் இருந்தது. இருந்தும் ஒரு தகப்பனிடம் மூன்று வருடம் "நீ எப்படிக் குளிக்கிறாய்" என்றுதான் யோசித்தார்கள். சுவரைப் பார்ப்பதைவிட மனிதரைக் குறை சொல்வது சுலபம் போலும்!

அன்று இரவே அவன் வீட்டு ஏஜென்டுக்கு இரண்டாவது கடிதம் எழுதினான். இந்தத் தடவை கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. தேதி போட்ட படங்கள், பத்து நாள் ஈரப்பத அளவுகள், தான் மாற்றிக்கொண்ட பழக்கங்கள், ஃபேனில் ஒட்டாத டிஷ்யூவின் வீடியோ, எல்லாம் வைத்தான். இங்கிலாந்தில் வாடகை வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018-ல் இயற்றப்பட்டு 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்வதையும் ஒரு வரி சேர்த்தான். மறு வாரம் ஓர் ஆள் வந்தார், கையில் வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு! "முதலில் ஃபேன், பிறகு பெயிண்ட்" என்று அவன் பணிவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினான். ஜனவரி கடைசியில் புது ஃபேன் வந்தது. பிப்ரவரியில் ஈரப்பதமானி 54 காட்டியது. மூலை வெறும் சுவராக இருந்தது. இருமலும் நின்றிருந்தது.

அவாபின் பெற்றோர் விடாமல் கேட்டதன் பயன் அவர்களோடு நிற்கவில்லை. 2023-ல் இயற்றிய சமூகக் குடியிருப்புச் சட்டத்தில் அவாப் பெயரால் அழைக்கப்படும் விதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் அவை நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு ஆபத்தான அவசரக் குறையை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து உண்டு என்று தெரிந்தால், பார்த்து முடித்த 5 வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஒரு குழந்தை போன பிறகுதான் இதெல்லாம் வந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

குளிர்நாடுகளுக்குப் படிக்கப் போகிற நண்பர்களே, பெட்டியில் கம்பளிச் சட்டையோடு ஓர் ஈரப்பதமானியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறங்கள். துணியைத் தள்ளிக் காயப்போடுங்கள். உங்கள் பாதியைச் செய்துவிட்டு மறுபாதியைத் தயங்காமல் கேளுங்கள். முக்கியமாக, சுவரில் கருப்புப் புள்ளி தெரிந்தால் அலமாரியை நகர்த்தி மறைக்காதீர்கள். மறைத்த இடத்தில்தான் அது நன்றாக வளரும்.

பிப்ரவரியில் ஒருநாள் அந்த மாணவன் வீட்டுக்குப் பேசும்போது போனைத் தானாகவே மூலைப் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"பரவால்லியே, சுத்தமா தொடச்சிட்ட போலருக்கே!"

"தொடைக்கலைம்மா. காய வச்சேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஐஸ் தண்ணீர் டம்ளரிலிருந்து அவன் சொல்லத் தொடங்கினான்.